கீழே கூலி, மேலே கடை: கோலார் தங்கவயலில் நம் சனங்களின் கதை

2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பதிமூன்று கழிவு மண்மேடுகளில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்பில், மறுபடியும் தங்கம் எடுக்கலாம் என்கிற மத்திய அரசின் திட்டத்துக்கு அது இசைவு கொடுத்தது. நூற்றிருபது வருஷமாகப் பாதாளத்திலிருந்து பாறையை வெட்டிக் கொண்டுவந்து, மாவாக அரைத்து, சயனைடு தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தை வடித்துக்கொண்டு வெளியே கொட்டிய சக்கைதான் அந்த மேடுகள். சக்கைக்குள்ளேயும் மிச்சம் கொஞ்சம் தங்கம் இருக்கிறதாம். அறிவிப்பு வந்த கையோடு பழைய பேச்சு ஒன்றும் வந்து சேர்ந்தது: உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு. வேலை வரும், கடை வரும், லாரி ஓடும், வீடு வாடகைக்குப் போகும், ஊர் மறுபடி பிழைத்துக்கொள்ளும்.

ஊர் பிழைக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் 'உள்ளூர்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கொஞ்சம் இடறுகிறது. நம்ம சனத்துக்கு ஊர் என்று ஒன்று எப்போது இருந்தது? வட ஆற்காட்டில் அவன் இருந்தது சேரி. ஊர் என்பது அந்தப் பக்கம் இருப்பது, அனுமதியில்லாமல் செருப்புப் போட்டு நடக்க முடியாத இடம். அங்கிருந்து கிளம்பித் தங்கவயலுக்குப் போய் நாலு தலைமுறை மண்ணுக்குள் இறங்கி ஏறிய பிறகும் அவன் பெயர் 'தமிழ்நாட்டுக்காரன்', பிழைக்க வந்தவன். இரண்டு இடத்திலும் உள்ளூர்க்காரன் வேறு யாரோதான். ஆகவே இனி வரப்போகும் சுரங்கம் யாருக்கு என்ன கொடுக்கும் என்று கேட்பதற்கு முன்னால், வந்துபோன சுரங்கம் யாருக்கு எதைக் கொடுத்தது, யாரை எந்தப் படியில் நிறுத்தியது என்று பார்த்துவிடுவது நல்லது.

தங்கவயலின் வரலாறு என்று சாதாரணமாக எழுதப்படுவது வெள்ளைக்காரப் பெயர்களின் வரிசை. 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரிகம், மாரிக்குப்பம் பக்கம் போய்ப் பார்த்தான். அப்புறம் 1870களில் லவேல் என்ற ஐரிஷ்காரன், பழைய சிப்பாய், வாரன் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். 1875இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினான். காசு போதாமல் அதைக் கைமாற்றிவிட்டான். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தார்கள். தங்கம் 'கண்டுபிடிக்கப்பட்டது'.

ஆனால் வாரன் போய்ப் பார்த்தபோதே அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் அலசித் தங்கப் பொடியைப் பிரித்தார்கள். எந்திரம் கிடையாது, கம்பெனி கிடையாது. குழி இடிந்து சாவு நேர்கிறது என்று காரணம் காட்டி 1859 வாக்கில் இந்த நாட்டு முறைச் சுரங்க வேலையை அரசாங்கம் தடுத்தது. மனிதன் முப்பது நாற்பது அடியில் சாகக் கூடாது என்று தடுத்த இடத்தில்தான் பின்னால் பத்தாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார்கள். கைத்தொழிலாக இருந்தது தடுக்கப்பட்டது, கூலி வேலையாகத் திரும்பி வந்தது. பெரிய திட்டங்கள் வேலையை உண்டாக்குகின்றன என்று பேசுகிறவர்கள் இந்த முதல் கணக்கை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கில். சுற்றுவட்டார கன்னட, தெலுங்குக் குடியானவர்கள் வந்தார்கள். மேல்மட்ட வேலைக்கு, வண்டி அடிக்க, விறகு கொண்டுவர வந்தார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் போவதற்கு நிலம் இருந்தது. போக இடமில்லாத ஆள் கம்பெனிக்குத் தேவைப்பட்டான். அவன் எல்லைக்கு இந்தப் பக்கம், குடியாத்தம், வேலூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், சித்தூர்ச் சேரிகளில் கிடைத்தான்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். படியாளாய் இருந்தவனுக்குப் படியளக்கிறவனே கையை விரித்துவிட்ட காலம். பஞ்சம் முடிந்து நிலம் விளைந்தபோதும் படி பழைய படிதான். கல்யாணத்துக்கு வாங்கின கடன் மகன் தலையில் ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் கான்ட்ராக்டரின் மேஸ்திரி சேரிக்குள் வந்து முன்பணம் நீட்டினான். வெள்ளிக்காசு. ஊர்க்காரனிடம் கைகட்டி நின்று வாங்குகிற தானியத்துக்குப் பதிலாக, எண்ணி வாங்குகிற காசு. 'கோலாருக்குப் போயிட்டான்' என்றால் எங்கள் பக்கத்துச் சேரிகளில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தப்பித்துவிட்டான். இன்னொன்று, இனிமேல் வரமாட்டான்.

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை ரயில் பாதை போட்டார்கள். ஜோலார்பேட்டையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் தங்கவயல். பண்ணையார் ஆள் விட்டுத் தேடினாலும் எல்லை தாண்டி மைசூர் சமஸ்தானத்துக்குள் வந்து பிடித்துக்கொண்டு போவது சுலபமில்லை. ரயிலை முன்னேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம்ம ஆளுக்கு அது ஓடிப்போகிற வழி. 1901 கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை முப்பத்தெட்டாயிரத்தைத் தொட்டுவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே புதரும் பாறையும் சில குக்கிராமங்களும்தான்.

இப்போது அந்த வேலையின் ஏணியைப் பார்ப்போம். உச்சியில் ஆங்கிலேய அதிகாரிகள். அதற்குக் கீழே இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள். அதற்கும் கீழே ஆங்கிலோ இந்தியர்கள், மேற்பார்வைக்கு. ஆபீஸில் எழுத்து வேலைக்கு நம் ஊர் மேல்சாதிகள். காவலுக்குப் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்த ஆட்கள். மலபார் மாப்பிள்ளைமார் கொஞ்சம் பேர் சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார்கள். ஆனால் பாறையின் முகத்துக்கு எதிரே நின்று துளை போடுகிறவன், மருந்து வைத்து வெடித்ததும் புகை அடங்குமுன் உள்ளே போய்க் கல்லை அள்ளுகிறவன், டிராலி தள்ளுகிறவன் பெரும்பாலும் நம்ம ஆள், ஆதிதிராவிடன்.

ஏன் நம்ம ஆள்? துரைமார்கள் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பறையனுக்குச் சாதி ஆசாரத் தடைகள் இல்லை, இருட்டில் இறங்க அஞ்சமாட்டான், உடம்பு உழைப்புக்குப் பழகியது, ஆகவே சுரங்கத்துக்கு இயல்பாகவே ஏற்றவன் என்பது அந்த விளக்கம். சாதியை எதிர்த்து எதுவும் செய்ய வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. ஏற்கனவே கீழே இருப்பவனை இன்னும் கொஞ்சம் கீழே அனுப்பினால் போதும். மனு சொன்னதை மண்வெட்டியால் எழுதிக்கொண்டார்கள். சேரி கிழக்கே இருந்தது போய் நேர் கீழே என்றாயிற்று.

எவ்வளவு கீழே என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே இறக்கமாகப் போய்விட முடியாது. ஒரு கேஜில் இறங்கி, நடந்து, இன்னொரு கேஜில் இறங்க வேண்டும். அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் அறுபத்தைந்து டிகிரிக்கு மேல். தொட்டால் கை சுடும். குளிர்காற்று எந்திரம் வைத்து ஊதினாலும் உடம்பில் கோவணம்தான் நிற்கும். அந்த ஆழத்தில் பாறை தன் பாரத்தாலேயே திடீரென்று வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். தங்கவயலில் பானை உருண்டு, சுவர் அதிர்ந்தால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு யார் வீட்டு ஆள் எந்த மட்டத்தில் என்பது மட்டும்தான் கேள்வி. 1965இல் அதே குழியின் ஆழத்தில் கருவிகளை வைத்து விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள், உலகமே பாராட்டியது. அதுவும் நியாயமான பெருமைதான். அந்தக் கருவிகள் போய் உட்கார்ந்த வெளியைக் குடைந்தவர்கள் யாரென்று எந்த விஞ்ஞானக் கட்டுரைக்கும் தேவைப்படவில்லை.

வெடித்துச் செத்தவர்களாவது கணக்கில் வந்தார்கள். இருமிச் செத்தவர்கள் கணக்கு வேறு. தங்கம் இருப்பது குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் பாறையில். அதைக் காய்ந்த நிலையில் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூள் பறக்கும்; அது நுரையீரலுக்குள் போய் வடுவாக இறுகும்; மூச்சு வாங்கும்; பின்னால் காசநோயும் கூட வந்து குடியேறும். இதற்கு மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்று பெயர் வைத்து மைசூர் அரசு நஷ்டஈட்டுக்கு விதி போட்டதே 1940இல்தான். அதாவது கம்பெனி வந்து அறுபது வருஷம் கழித்து. அந்தப் பத்தாண்டில் மருத்துவர்கள் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு நோய் இருந்தது. பத்துக்கு நாலு பேருக்கும் மேல். அதற்கு முந்தைய இரண்டு தலைமுறை யாருடைய பரிசோதனைக்கும் வராமலே போய்விட்டது. வேலை செய்ய முடியாமல் போனவன் ரயிலேறிச் சேரிக்குத் திரும்பி, வாசல் திண்ணையில் உட்கார்ந்து இருமி, அங்கேயே செத்தான். கம்பெனி ஏட்டில் அவன் வேலையை விட்டு நின்றவன். அவ்வளவுதான்.

இது வேலை. வியாபாரம் யாருக்கு?

நீராவி எந்திரம் ஓடிய காலத்தில் சுரங்கம் விறகைத் தின்றது. சுற்றியிருந்த காடுகள் வண்டி வண்டியாக வந்து எரிந்தன. விறகு கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் காசு பார்த்தார்கள். 1902இல் காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு விளக்கு வந்ததே 1905இல். அதற்கும் மூன்று வருஷம் முன்னால் தங்கவயலில் எந்திரம் மின்சாரத்தில் ஓடியது. இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தட்டியும் தகரமுமாக நின்ற லைன் வீடுகளுக்குள் ஒரு பல்பு வந்தது வெகுகாலம் கழித்து. விளக்கு கிளப்புக்கும் பங்களாவுக்கும் எரிந்தது.

அப்புறம் ஆள் கான்ட்ராக்ட். கீழே இறங்குகிறவனுக்குக் கம்பெனி நேரடியாகப் பொறுப்பில்லை. அவன் கான்ட்ராக்டரின் ஆள். ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் வேலை வாங்குவதற்கும் கான்ட்ராக்டருக்குக் கமிஷன். முன்பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்வதும் அவனே. நம்மில் சிலரும் மேஸ்திரியாய், சின்ன கான்ட்ராக்டராய் ஏறினார்கள், மறைக்க வேண்டியதில்லை. கோட்டும் தலைப்பாகையுமாகச் சேரிக்குத் திரும்பி, இன்னும் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பள்ளிக்கூடம் வைக்கப் பணம் கொடுத்தார்கள், சிலர் வட்டிக்குக் கொடுத்தார்கள். சாதி ஒன்றாய் இருந்தால் சுரண்டல் இருக்காது என்று நம்புவதற்குத் தங்கவயல் இடம் கொடுப்பதில்லை.

1900களின் தொடக்கத்தில் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியாக எழுந்தது, ஆண்டர்சன்பேட்டையும் அப்படியே. பெயர் துரைகளுடையது, கடை செட்டியாருடையது, மார்வாடியுடையது. அரிசி, துணி, நகை, அடகு. சம்பள நாளில் கான்ட்ராக்டர் ஒரு கை, கடைக்காரன் ஒரு கை, வட்டிக்காரன் ஒரு கை, மிச்சத்துக்குச் சாராயக்கடை. சாராயக் குத்தகை மட்டும் சமஸ்தானத்துக்கு நல்ல வருமானம். தங்கத்துக்கு உரிமைத்தொகை வாங்கியதுபோக இதுவும். கீழேயிருந்து மேலே வந்த காசு, மேலே வந்த உடனே கை மாறிவிட்டது. நம்ம ஆள் வைத்த கடை என்றால் மாட்டுக்கறிக் கடை, தையல் மெஷின், சவரக் கடை, லைன் ஓரத்தில் பெண்கள் சுட்டு விற்ற இட்லி, ஆப்பம். அதுவும் நம்ம ஆள் வாங்கினால்தான் உண்டு. கடைவீதியில் வைத்தால் ஊர்க்காரன் வாங்கமாட்டான். சரக்குக்குத் தீட்டு இல்லை, விற்கிற கைக்குத் தீட்டு. சுரங்கம் தோண்டிய கை தங்கத்தைத் தொடலாம், அடுத்தவன் தின்னும் இட்லியைத் தொடக்கூடாது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. மேல்மட்டத்தில் கல் பொறுக்குவது, சுமப்பது, பங்களாக்களில் ஆயா வேலை என்று அவர்களும் கூலிக்குப் போனார்கள். ஆனால் அவர்களுடைய பெரிய வேலை கூலிக் கணக்கில் வராதது. இருமுகிறவனைக் கவனித்தது, சீட்டுப் பிடித்தது, பன்றி வளர்த்தது, அவன் செத்ததும் மூத்த மகனை அதே குழிக்கு அனுப்பிவிட்டு நின்றது.

இவ்வளவும் ஒரு பக்கம். இதோடு நிறுத்தினால் தங்கவயல் வெறும் புலம்பலாகிவிடும். அது அப்படி இல்லை. மாதம் பிறந்தால் காசு எண்ணுகிற ஆயிரக்கணக்கான தலித்துகள் ஓரிடத்தில், பண்ணையார் இல்லாமல், நெருக்கமாகக் குடியிருந்தது தென்னிந்திய வரலாற்றில் புதிது. கூலி குறைவுதான், கடனும் இருந்தது. ஆனாலும் அது காசு. காசை என்ன செய்வது என்பதை அவனே முடிவு செய்தான்.

என்ன செய்தான் என்று பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை வந்தது. அதே காலத்தில் மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை எழுந்தது. சென்னைக்கு வெளியே அதைவிட உயிர்ப்பான கிளை இருந்ததாகத் தெரியவில்லை. எம்.ஒய். முருகேசர், ஏ.பி. பெரியசாமிப் புலவர், ஈ.என். அய்யாக்கண்ணுப் புலவர் போன்றவர்கள் இங்கிருந்து இயங்கினார்கள். பார்ப்பான் இல்லாமல் கல்யாணம், பௌத்த முறையில் சாவுச் சடங்கு, ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவு, பிள்ளைகளுக்குப் பள்ளி. எட்டு மணி நேரம் கீழே வெந்துவிட்டு வந்தவன் குளித்துவிட்டு உட்கார்ந்து, தான் பூர்வ பௌத்தன், தன்னைத் தாழ்த்தியது பின்னால் வந்த சூழ்ச்சி என்று வாசிக்கக் கேட்டான். தமிழனுக்குச் சந்தா கட்டினான். பண்டிதர் தன் பத்திரிகைக்கு வந்த கடிதங்களுக்கும் கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டே இருந்தார் அல்லவா, அந்தக் கேள்விகளில் பல தங்கவயல் லைன்களிலிருந்து போனவை.

1914இல் பண்டிதர் மறைந்தார். அவருக்குப் பின் பத்திரிகை கொஞ்ச காலம் வந்து நின்றுபோனது. 1926இல் அதைத் திரும்ப எழுப்பியது சென்னை இல்லை, தங்கவயல். சாம்பியன் ரீஃபில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து நடத்திய 'தமிழன்' 1930களின் நடுப்பகுதி வரைக்கும் வந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். 1990களில் நாம் அயோத்திதாசரைத் 'திரும்பக் கண்டெடுத்தோம்' என்று எழுதுகிறோம். கண்டெடுக்க ஏதாவது மிஞ்சியிருந்தது என்றால் அதற்கு ஒரு காரணம், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெட்டிகளில் அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தது. கல்வி நிறுவனங்களோ தமிழ்ச் சங்கங்களோ வைத்திருக்கவில்லை.

கூலியைக் கொண்டு சிந்தனையை வாங்கிக்கொண்ட இந்தச் சனத்தைக் கம்பெனி கள்ளனாகத்தான் பார்த்தது. 1897இல் மைசூரில் சுரங்கச் சட்டம் போட்டார்கள். தங்கக் கலப்புள்ள கல்லோ மண்ணோ ஒருவன் கையில் இருந்தால், அது திருட்டில்லை என்று காட்டுவது அவன் பாடு. வெளியே வரும்போது சோதனை. 1930இல் எல்லாத் தொழிலாளியும் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். கைரேகை என்றால் என்னவென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் வைக்கிற ரேகை அது. பத்து வருஷத்துக்கு முன் 1920இல்தான் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஏப்ரலில் சுரங்கம் நின்றது. மூன்று வாரம். கம்பெனி கைரேகையைக் கைவிட்டது. தொழிற்சங்கம் என்று பெயர் சொல்ல ஒன்றும் இல்லாத காலத்தில், லைன் லைனாகக் கூடிப் பேசி நடத்திய வேலைநிறுத்தம் இது. கூலி உயர்வு கேட்டு எழுந்ததாக இருந்தால் வரலாற்றாசிரியர்களுக்குப் புரிந்திருக்கும். மானத்துக்காக எழுந்தது என்பதால் ரொம்பநாள் கண்டுகொள்ளவில்லை.

1940களில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்றோர் சங்கம் கட்டினார்கள். 1946இல் நீண்ட வேலைநிறுத்தம். அந்த ஆண்டு நவம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றும் நவம்பர் நாலாம் தேதி அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். செங்கொடியும் நீலக்கொடியும் தங்கவயலில் ஒரே லைனில் பறந்தன. 1957 தேர்தலில் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயலிலிருந்து கம்யூனிஸ்டு ஒருவரும், அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனைச் சேர்ந்த சி.எம். ஆறுமுகமும் மைசூர் சட்டசபைக்குப் போனார்கள். வர்க்கமா சாதியா என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிற விவாதத்தைத் தங்கவயல் வாக்காளன் ஒரே நாளில் இரண்டு ஓட்டில் முடித்துவிட்டான்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. பின்னால் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். வேலை நிரந்தரமானது, கான்ட்ராக்டர் ஒழிந்தான், அப்பன் வேலை பிள்ளைக்கு வந்தது. இதை நல்லது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்; நல்லதும்தான். ஆனால் பிள்ளைக்கு வந்தது அதே வேலை. அப்பன் இறங்கிய ஷாஃப்ட். 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை தங்கவயலிலேயே மண் அள்ளும் எந்திரங்கள் செய்தது; அங்கே போக ஐ.டி.ஐ. படிப்பு வேண்டும், கொஞ்சம் பேர் போனார்கள். கீழே தங்கமோ குறைந்துகொண்டு வந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில் கடைசியில் மூன்று கிராமுக்கும் கீழே. எடுத்த தங்கத்தையும் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்க முடியாது, அதைவிடக் குறைந்த உலகச் சந்தை விலைக்குத்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு நஷ்டம் நஷ்டம் என்றது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. நூற்றிருபது வருஷத்தில் அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் போயிருந்தது.

மூடிய பிறகு உண்டான வேலைவாய்ப்பையும் எழுதிவிட வேண்டும். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் கிளம்புகிற ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் போகிறார்கள்: காவலாளி, கார்மென்ட்ஸ், கட்டட வேலை, கடைப் பையன். ராத்திரி பத்து மணிக்குத் திரும்புகிறார்கள். முப்பாட்டனை இந்த லைனுக்குக் கொண்டுவந்த அதே பாதை. இன்னொரு வேலையும் இருந்தது. சுரங்கக் குடியிருப்புகளில் வாளிக் கக்கூஸும் உலர் கழிப்பறைகளும் 2011 வாக்கில்கூட இருந்தன, அதைக் கையால் அள்ள ஆள் இருந்தார்கள். அந்த ஆண்டு மலக்குழிக்குள் இறங்கி மூன்று பேர் செத்த செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான், கையால் மலம் அள்ளும் வழக்கமே எங்கள் மாநிலத்தில் இல்லை என்று சொல்லி வந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு லிஃப்ட் வைத்த இடத்தில் கக்கூஸுக்குக் குழாய் வைக்கவில்லை. அள்ளியவர்கள் யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நமக்குள்ளேயும் நாம் யாருக்கு அந்த வேலையை விட்டுவைத்தோம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினோம் என்பதைத் தங்கவயல் தோழர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது மண்மேட்டுக்கு வருவோம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தச் சாம்பல் தூசி லைன்களுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக விழுகிறது. மேட்டை அள்ளி மறுபடி கரைத்து வடிப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை. பொக்லைன் ஓட்டுகிறவன், லாரி ஓட்டுகிறவன், ஆய்வுக்கூடத்தில் படித்தவன், கொஞ்சம் கூலி ஆள். லாரி யாருடையது, டெண்டர் யாருக்கு, உணவு கான்ட்ராக்ட் யாருக்கு, ஓட்டுனர் உரிமம் எத்தனை பேரிடம் இருக்கிறது, லைன் வீடுகளுக்குப் பட்டா உண்டா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். 'உள்ளூர்' என்பதற்குச் சான்று கேட்பார்கள். ரேஷன் கார்டா, தாய்மொழியா, நிலப் பத்திரமா? நிலப் பத்திரம் கேட்டால் நம்மிடம் இருக்காது. நாம் அந்த இடத்தில் எதையும் வாங்கவில்லை, தோண்டினோம்.

ஆகவே தங்கவயலில் இருக்கும் தோழர்களுக்கும், அங்கே உறவு வைத்திருக்கும் வட ஆற்காட்டு நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியில் கிடக்கும் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பெனி டோக்கன், கான்ட்ராக்டர் கொடுத்த சீட்டு, சிலிகோசிஸ் போர்டின் சான்றிதழ், ஆஸ்பத்திரிப் புத்தகம், சங்கச் சந்தா ரசீது, பௌத்த முறைக் கல்யாண அழைப்பிதழ், பழுப்பேறிய 'தமிழன்' இதழ் ஒரு பக்கம் கிடைத்தால்கூடச் சரி. பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளில் எந்தச் சேரியிலிருந்து, எந்த வருஷம், யார் கூட வந்தோம் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற வருஷம் ஏர் பிளாஸ்ட்டை வைத்து இருக்கும், பிள்ளை பிறந்ததை வைத்து இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள்.